பிடித்தம்

மாதவராஜ் பாங்க் பாஸ்புக்கை மேசைமேல் விரித்து, ஒரு எண்ணுக்குக் கீழே விரலை ஊன்றிக்கொண்டான். விரலை எடுத்தால் எண் பறந்துவிடும் என்று பயந்தவனைப் போலிருந்தது.

"பாருங்க சார். போன மாசச் சம்பளம். பத்தொம்பதாயிரத்து நானூறு. கைக்கு வர்றது இவ்வளவுதான்."

பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று பெற்றோர் கொடுக்கும் மனுக்களைப் பேசித் தீர்க்க, அரூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் ஒதுக்கியிருந்த அறை அது. சமரச அலுவலர் குப்புராஜ் எண்ணைக் குறித்துக்கொண்டார். மனு கொடுத்த ஜானகியம்மாள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் பெற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, ஓசூர்க் கம்பெனியில் மேனேஜர். முகத்தில் மட்டும் இன்றைக்கென்று ஒரு பரதேசிக் களை.

பாப்பிரெட்டிப்பட்டியில் இருபத்தேழு வருடம் சத்துணவு சமைத்தவள் அவள். ஓய்வு பெற்றபின் மாதம் இரண்டாயிரம் வருகிறது. அது வாடகைக்கே காணாது. முழங்கால் ஒத்துழைத்தவரை கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கப் போய்ச் சமாளித்தாள். இப்போது அதுவும் நின்றுவிட்டது. மாதக் கடைசிக்குள் ஒரு வழி சொல், இல்லாவிட்டால் காலி பண்ணு என்று வீட்டுக்காரி கண்ணம்மாள் சொல்லிவிட்டாள். காலி பண்ணினால் போக்கிடம் மகன் வீடு ஒன்றுதான்.

அங்கே பதினோரு நாள் இருந்து பார்த்திருக்கிறாள். கீசர் போட்டால் எத்தனை யூனிட் என்று சொல்வான். பதினோராம் நாள், ஃப்ரிட்ஜில் இருந்த பால் பாட்டிலில் பால் நின்ற மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு இழுத்திருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தாள்.

"மாசம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் சம்பளம்னு அம்மா எழுதியிருக்காங்களே?"

"அது பேப்பர்ல சார். பிடித்தம் போகத்தான் இது."

"என்ன பிடித்தம்?"

"என்னென்னமோ இருக்குதுங்க. கம்பெனியில பிடிச்சுக்கறாங்க. நம்ம கையில என்னா இருக்குது?"

கம்பெனி என்பது முச்சந்தியில் நின்று சட்டைப்பையில் கைவிடும் வழிப்பறிக்காரன் என்பதுபோல் சொன்னான்.

"சம்பளச் சீட்டு?"

"கொண்டு வரலீங்க. வேணும்னா மாசம் ரெண்டாயிரம் குடுக்கறன். பத்தாதுன்னா அம்மா எங்கூடவே வந்து இருக்கட்டும். வூடு இருக்குது, சோறு இருக்குது. நான் வேணாம்னா சொன்னன்?"

குப்புராஜின் முகம் இளகியது. "புள்ளை கூப்பிடறாரும்மா. இந்த வயசுல தனியா எதுக்கு? ஒண்ணாவே இருந்துக்கறதா எழுதிக்கலாமே?"

பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. ஜானகியம்மாளுக்கு அந்தப் பால் பாட்டில் கண்முன் வந்து நின்றது. அழுது கேட்டிருக்கலாம். ஆனால் இவன் முன்னாலா?

"எழுதாதீங்க சார். அவன் சொல்றது நெசம்தான், அவங்கிட்ட ஒண்ணும் இருக்காது. அவங்கப்பன் நஞ்சப்பனும் இப்படித்தான். லாரி ஓட்டினான், நல்ல காசு பாத்தான். சாவறப்ப பையில ஒரு பீடிக்கட்டு. இவன் ஷூ போட்ட நஞ்சப்பன், அவ்வளவுதான்."

செத்த மனுசனை இதற்கெல்லாம் இழுக்க வேண்டியிருக்கிறதே என்று மனதுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கடனாளியாகச் செத்தாலும் தன்னைப் பெற்றவளுக்குக் கோடு போட்டுப் பால் ஊற்றியவரில்லை அவர்.

"அம்மா! அந்த ஆளோட என்னச் சேத்தாத."

"ஏன்டா, நாப்பத்தெட்டு வயசுல பத்தொம்பதாயிரம். நம்ம கொத்து மேஸ்திரி வீரமணி உன்னவிட அதிகம் வாங்கறான். ரிட்டயர் ஆனா என்னடா பண்ணுவ? எனக்காவது ரெண்டாயிரம் வருது. அப்ப எங்கிட்டதான் வருவ. வா, ஒரு வேளை கஞ்சி ஊத்தறன்."

அவன் காது மடல் சிவந்தது. விரல் பாஸ்புக்கை விட்டு எழுந்துவிட்டது.

"யாருக்கு ஒண்ணுமில்ல? எனக்கா? சார், நீங்களே கேளுங்க. பி.எஃப்.ல நம்ம பங்கு வருசத்துக்கு ரெண்டரை லட்சத்தைத் தாண்டினா, தாண்டின பணத்தோட வட்டிக்கு வரி. அந்த வரி கட்டறவன் சார் நான்! எங்க பிரிவுல மூணே பேரு. கணக்கையே ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, வரி உள்ளது, வரி இல்லாததுன்னு. வாயக் கட்டி வயித்தக் கட்டி நம்ம கெழக்காலத்துக்குச் சேத்தா, அதுலயும் கைய வெக்கறானுங்க. அநியாயம் இல்லீங்களா?"

"அநியாயம்தான்," என்றார் குப்புராஜ். பேனாவை மூடி வைத்தார். "வருசத்துக்கு எவ்வளவு போடறீங்க?"

"எட்டு லட்சத்து நாப்பதாயிரம்!"

"மாசம் எழுபதாயிரம். அதுல கம்பெனி கட்டாயமாப் பிடிக்கறது?"

"எட்டாயிரத்து..." குரல் பாதியில் இறங்கியது. "நானூறு."

"மீதி?"

மாதவராஜ் பாஸ்புக்கை மெல்ல மூடினான்.

"மீதி நீங்களா எழுதிக்குடுத்துப் பிடிக்கச் சொன்னது," என்று குப்புராஜே முடித்தார்.

"ஓ, கம்பெனிக்காரன் பிடிக்கலியா?" என்றாள் ஜானகியம்மாள். "உனக்குப் பிடிச்சுப் பிடிச்சதா?"

கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உளுந்தைக் களையும்போது விரலில் புழு தட்டுப்பட்டதுபோல ஓர் அருவருப்புதான் வந்தது. இன்னும் வராத அவன் முதுமைக்கு மாதம் எழுபதாயிரம். அவளுக்கு அது வந்து பதினோரு வருடமாகிறது. அதற்கு அவன் தருகிறேன் என்பது ரெண்டாயிரம்.

"இப்பக் குறைக்க முடியாதுங்க சார். ஏப்ரல்லதான் மாத்தலாம். கம்பெனி ரூலு."

"குறைக்க வேணாம். உங்க வீட்டம்மா டீச்சர்னு மனுவுலயே இருக்குது, அவங்க சம்பளத்துலதானே வீடு ஓடுது? இந்தப் பத்தொம்பதாயிரத்துலேர்ந்து குடுங்க." குப்புராஜ் அவள் பக்கம் திரும்பினார். "சட்டம் பத்தாயிரம் வரைக்கும் எடம் குடுக்குதும்மா. நீங்க ஏழாயிரம்தான் கேட்டிருக்கீங்க. பத்துன்னே எழுதட்டுமா?"

"வேணாங்க. வாடகை, மாத்திரை, அரிசி பருப்பு, ஏழாயிரத்துல முடிஞ்சிரும். அதுக்கு மேல அவன் காசு ஒரு ரூபா தின்னாலும் எனக்குச் செரிக்காது."

ஐந்தாம் தேதிக்குள் அவள் கணக்கில் ஏழாயிரம் போட வேண்டும், இந்த மாதமே தொடக்கம் என்று எழுதிப் படித்துக் காட்டினார். மாதவராஜ் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"சார், அம்மாவுக்குக் குடுக்கற இந்தப் பணத்துக்கு வரிவிலக்கு ஏதாவது உண்டுங்களா?"

குப்புராஜ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தேதி போட்டானா பாருங்க சார்," என்றாள் ஜானகியம்மாள்.

"போட்டுட்டாரும்மா."

நகலை வாங்கி நாலாக மடித்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, பாப்பிரெட்டிப்பட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் நின்ற காவலரிடம் கேட்டுக்கொண்டே வெளியே நடந்தாள். மாதவராஜ் இன்னும் மேசைமேல் குனிந்தபடி பதிலுக்குக் காத்திருந்தான்.