பூத்த மரம் ஒன்று வேண்டும்

டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெண் வாசலிலேயே சொல்லிவிட்டாள், இந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டது, செர்ரிப் பூவெல்லாம் போன வாரமே கொட்டி முடிந்துவிட்டது என்று. லுபோமீர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவன் மனைவி லிபுஷேவுக்கோ நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மே முதல் தேதி பூத்த மரத்தடியில் முத்தம் வாங்காத பெண் அந்த வருஷத்துக்குள் காய்ந்துபோவாள் என்பது பேச்சு. ப்ராக் நகரத்தில் யாரைக் கேட்டாலும் அதெல்லாம் சும்மா என்பார்கள். அன்றைக்கு மட்டும் பேருந்து பேருந்தாக ஊருக்கு வெளியே இருக்கிற இந்தக் கோட்டைப் பூங்காவில் ஜோடி ஜோடியாக வந்து இறங்குவார்கள். கல்யாணமானதிலிருந்து லுபோமீர் ஒரு மே மாதத்தையும் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறான். இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு வருஷம் மரத்தடியில் முத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு, வீடு திரும்பும் வரை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

மரம் இல்லையென்றால் முத்தம் இல்லை. முத்தம் இல்லையென்றால் சொல்வது சுலபம். அவள் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். நாளைக்கு நான் உன்னோடு வரவில்லை. நாளைக் காலையில் சாமான் ஏற்ற வண்டி வருகிறது. ப்ராக் வீட்டை மகன் ராதிமுக்குக் கொடுத்துவிட்டு, காட்டுக்குள் இருக்கும் கோடைக்கால வீட்டுக்கே இருவரும் நிரந்தரமாகக் குடிபோவது என்று லுபோமீர் முடிவு செய்திருந்தான். முடிவு செய்து, மகனிடம் சொல்லி, வண்டிக்காரனிடம் சொல்லி, கடைசியாக அவளிடமும் சொன்னான். அங்கிருந்து பேருந்து நிற்கும் இடத்துக்கே மரங்களுக்கிடையில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். பனி விழுந்தால் அந்த வழியும் இல்லை. அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் ஓட்டுகிறேனே, நமக்கு எதற்கு இரண்டு லைசென்ஸ் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டான். அவன் வாயில் எல்லாமே நமக்குத்தான். நமக்குக் காபி ஒத்துக்கொள்ளாது. நமக்குத் தூக்கம் வருகிறது. நமக்கு நகரம் போதும்.

கெட்டவனா என்றால், இல்லை. குடித்துவிட்டு வந்ததில்லை, கை நீட்டியதில்லை. வினையே அங்கேதான் இருந்தது. அடிக்கிறான் என்றால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். எனக்காகவும் அவனே நினைத்துவிடுகிறான் என்று யாரிடம் போய்ச் சொல்வது? கேட்கிறவள், நீ கொடுத்து வைத்தவள் என்பாள். பழைய சிநேகிதி யர்மிலா ஒருத்திதான் அப்படிச் சொல்லாமல், பில்சென் நகரத்தில் தன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது, பள்ளிக்கூடச் சமையலறையில் ஆள் தேடுகிறார்கள், கிளம்பி வா என்றாள். இன்று மாலை ரயில். பூங்கா வாசலிலிருந்தே ஸ்டேஷனுக்குப் பேருந்து உண்டு. கைப்பையில் மாற்றுத்துணி ஒன்றும், மாத்திரையும் இருந்தன. அவ்வளவுதான் எடுக்க முடிந்தது.

குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் காலையில் பொரித்துக் கட்டிவந்த இறைச்சித் துண்டை ரொட்டியில் வைத்துக் கடுகுச் சாந்து தடவிச் சாப்பிட்டார்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்று அவள் தண்ணீரைக் குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"லுபோ, உங்கிட்ட ஒன்னு சொல்லணும்."

"சொல்லலாம், எங்க ஓடிப்போகுது? முதல்ல மரத்தைப் பாப்போம்."

அதற்குப் பிறகு அவளை இழுத்துக்கொண்டு அலைந்தான். பாதையெல்லாம் பூவிதழ் பழுப்பாக மிதிபட்டுக் கிடந்தது. ஒவ்வொரு செர்ரியின் கீழும் நின்று, கையால் வெயிலை மறைத்து உச்சி வரை பார்த்தான். மற்ற ஜோடிகள் கிடைத்த மரத்தடியில், பூவாவது இலையாவது என்று காரியத்தை முடித்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனார்கள். லுபோமீர் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன். ஒரு திருகாணி குறைந்தாலும் கையெழுத்துப் போடாத மனுஷன் இலைக்கா ஒத்துக்கொள்வான்? களை பிடுங்கிக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண்ணிடம் போய் விசாரித்தான். அவள் சரிவு முழுக்கச் சிவப்பாகப் பூத்திருந்த ரோடோடென்ட்ரான்களைக் காட்டினாள். அது புதர், மரமில்லை என்று இவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஐயா, ஆள் சரியா இருந்தா புதர் போதாதா?" என்றாள் அவள்.

லிபுஷே சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. போனால் போகிறதென்று அந்தப் பெண், கோட்டைக்குப் பின்னால் நிழல் பக்கம் ஒரு ஆப்பிள் மரம் தாமதமாகப் பூத்திருக்கிறது, ஆனால் நாற்றங்காலுக்குள் இருக்கிறது, பூட்டு போட்டிருக்கும் என்றாள். அவன் நடக்க ஆரம்பித்துவிட்டான். அவன் வலது முழங்கால் மேட்டில் மடங்காது. பக்கவாட்டில் காலை எடுத்து வைத்து, மூச்சு வாங்க ஏறினான். அதைப் பார்க்க அவளுக்கு இரக்கமாக இருந்தது. இரக்கப்படுகிறோமே என்று ஆத்திரமும் வந்தது. இந்த இரக்கத்தினால்தான் ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்கும் மூடிக்கொண்டால் ஆயுசுக்கும் மூடினதுதான்.

மரம் இருந்தது, வெள்ளையும் ரோஸுமாக, நிறையப் பூவோடு. நடுவில் ஆள் உயரத்துக்கு இரும்பு வேலி. லுபோமீர் நல்ல கால் விரலில் எம்பி, வேலிக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு கிளையைப் பிடித்து இந்தப் பக்கம் வளைத்தான்.

"வா, சீக்கிரம் வந்து நில்லு."

அவள் போய் நின்றாள். முதுகில் கம்பி குளிர்ந்தது. தலைக்கு மேல் பூ, ஒரு பக்கம் அவன் கை, எதிரில் அவன். முத்தத்தில் கடுகு காரம் இருந்தது.

"அப்பாடா. நமக்கு இனி ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

"நாளைக்கு நான் வரலை, லுபோ," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. "இன்னைக்குச் சாயங்கால ரயில்ல பில்சென் போறேன். யர்மிலா வீட்டுல இடம் இருக்கு, வேலையும் பாத்தாச்சு."

"எப்ப வருவ?"

"வரமாட்டேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். அவன் கத்தவில்லை. கிளையை விடவும் இல்லை.

"அப்ப அடுத்த மே மாசம் நான் பக்கத்துல இருக்கமாட்டேன்," என்றான் மெதுவாக. "அதுக்கும் சேத்து இப்பவே வாங்கிக்க."

குனிந்து இன்னொரு முத்தம் கொடுத்தான். அவள் விலக நினைத்தாள். பின்னால் வேலி. அவன் முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பாள். அந்த முகத்தில் இருந்தது அக்கறை மட்டும்தான், ரொம்பப் பொறுப்பான அக்கறை.

"இது அதுக்கு அடுத்த வருஷத்துக்கு."

"லுபோ, போதும். பஸ் போயிடும்."

"இரு, நீ காயக்கூடாதில்ல. இது அதுக்கும் அடுத்ததுக்கு."

தூக்கிப் பிடித்த கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நடுக்கத்தில் பூ உதிர்ந்து அவள் தலையிலும் அவன் சட்டைக் காலரிலும் விழுந்துகொண்டே இருந்தது. கிளை மேலும் ஒரு சாண் தாழ்ந்து அவள் நெற்றியில் இடித்தது. அவன் மறு கையால் அதை ஒதுக்கிவிட்டு, அடுத்த வருஷத்தைச் சொல்ல வாயைத் திறந்தான்.