வளையம் இல்லாத இழைகள்

ஆய்வகத்தின் இருட்டறை விளக்கை அணைத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். நுண்ணோக்கியின் அடியில் இருப்பது அக்கா மகனின் தொடைச் சதை. தரையிலிருந்து எழ முழங்காலில் கையூன்றுகிற ஐந்து வயதுப் பையன். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வராமல், அந்தச் சதையை உறைய வைத்ததும் மெல்லியதாகச் சீவியதும் அவள்தான்.

தசையின் ஒவ்வொரு இழையையும் அதன் சுவரோடு பிடித்துக் கட்டியிருப்பது டிஸ்ட்ரோபின் என்ற புரதம். அது இருந்தால், சாயமேற்றிய சதையில் இழையைச் சுற்றிப் பச்சை வளையம் ஒளிரும். இல்லாவிட்டால் அசையும்போதெல்லாம் சுவர் கிழியும். சில வருடங்களில் பையன் நடக்கமாட்டான்.

பக்கத்தில் வைத்திருந்த நோயற்ற சதை தேன்கூடு போல ஒளிர்ந்தது. பையனுடையதை லென்ஸுக்கு அடியில் நகர்த்தினாள். கும்மிருட்டு.

லென்ஸைத் திருகி மறுபடி பார்த்தாள்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் உள்ளே வந்த சீனியர்.

"உறைய வைக்கும்போது சொதப்பிட்டேன் அண்ணே. சதையே கெட்டுப்போயிருக்கும்."

"நீயா? நீ சொதப்பினா நான் மீசையை எடுத்துடறேன். யாரோடது?"

"அக்கா பையனோடது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "ஸ்பெக்ட்ரினைப் பாத்துடும்மா" என்றார் தணிந்த குரலில்.

ஸ்பெக்ட்ரின் அந்தச் சுவரிலேயே இருக்கும் இன்னொரு புரதம். இந்த நோயிலும் அது போகாது. அதுவும் ஒளிரவில்லை என்றால் சதை கெட்டிருக்கிறது, சோதனை செல்லாது, பையனுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. இத்தனை வருடமும் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று பயந்தவள், கெட்டிருக்க வேண்டும் என்று முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள். ஸ்பெக்ட்ரினுக்குச் சாயமேற்றிய கண்ணாடித் தகட்டை வைத்துவிட்டு, குனியப் பயந்து, தகட்டில் எழுதியிருந்த எண்ணை மறுபடி சரிபார்த்தாள்.

பிறகு குனிந்தாள்.

வளையங்கள். ஒன்றுகூட அறுபடாத, பாடப்புத்தகத்தில் போடத்தக்க பச்சை வளையங்கள். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை.

வராந்தாவுக்கு வந்தபோது செல்போன் அடித்தது. அக்காதான்.

"என்னடி ஆச்சு? வெறும் சத்துக் குறைவுதானே? டானிக் குடுத்தா சரியாயிடும்ல?"

"சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்க்கா."

"ஏன், போன்ல சொன்னா வாய் வலிக்குமா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தாள். "நேர்லயே சொல்றேன்க்கா" என்றுதான் வந்தது.

"அம்மாவையும் வரச் சொல்லவா?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

"சொல்லுக்கா."