பாதியில் நின்ற சீட்டாட்டம்

அவர் போன பிறகும் கம்ப்யூட்டரை அவள் அணைக்கவில்லை. அவர் ஆடிக்கொண்டிருந்த சீட்டாட்டம் அதில் பாதியில் நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தவர்தான். திரும்பி வந்து உட்காரவில்லை.

தினமும் ஒருமுறை திரையைப் போட்டுப் பார்ப்பாள். மூலையில் அப்டேட் அறிவிப்பு எட்டிப் பார்க்கும். போட்டால் கம்ப்யூட்டர் அணைந்து எழும், ஆட்டம் அதோடு போச்சு. 'பிறகு' என்பதை அழுத்திவிட்டுத் திரையை அணைத்துவிடுவாள்.

அன்று 'பிறகு' இல்லை. மாலை ஆறு மணிக்குத் தானே அணைந்து எழும் என்று மட்டும் இருந்தது. மகளுக்குப் போன் செய்தாள்.

"நெட்டைப் பிடுங்கிட்டா நிக்காதா?"

"எல்லாம் இறங்கியாச்சும்மா, இனிமே நிக்காது. அப்பா பல்லு விளக்காமக்கூட இருந்திருக்கார், அப்டேட் போடாம இருந்ததே இல்ல. இப்ப உன்னைப் பாத்தா திட்டுவார்."

"வந்து திட்டட்டும்."

"ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோம்மா."

"எடுத்துட்டேன். அது படம்தானே."

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் ஆடும்போது பின்னால் நிற்கிற அவளுக்கு வாய் சும்மா இராது. "அந்தச் சிவப்பு ஒன்பதைத் தூக்கிக் கறுப்புப் பத்து மேல வையுங்களேன்" என்பாள். "ஆடறது நானா நீயா?" என்பார்.

இப்போதும் ஒரு சிவப்பு ஒன்பது கண்ணை உறுத்திக்கொண்டு கிடந்தது. எப்படியும் போகப்போகிறது, அவருக்காக ஜெயித்தாவது வைப்போம் என்று அதை நகர்த்தினாள். அடியிலிருந்த சீட்டு திறந்தது. மளமளவென்று ஆடினாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் இறுகிப்போயிற்று. மிச்சக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு சீட்டுக்கும் போக்கிடமில்லை.

தெரிந்துதான் அவர் அந்த ஒன்பதைத் தொடாமல் விட்டிருந்தாரோ என்னவோ.

அவர் வைத்தபடியே போகட்டும் என்று தோன்றியது. போட்டதைத் திருப்பியெடுக்கும் பொத்தானை அழுத்தினாள். சீட்டுகள் ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்குத் திரும்பின. மணியைப் பார்க்க மறந்துவிட்டாள். ஒன்பது இன்னும் பத்தின் மேலேயே இருக்கும்போது திரை நீலமாயிற்று. அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது.

அழிந்தது அவர் ஆட்டம்கூட இல்லை. அவள் ஆடிக் கெடுத்தது.

மகள் மறுபடியும் கூப்பிட்டாள். "ஆச்சாம்மா?"

"ஆச்சு," என்றாள்.