சீகல் இல்லத்தில் குறையொன்றும் இல்லை

சீகல் இல்லத்து முதியவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. காலையிலிருந்து எல்லார் வாயிலிருந்தும் மேவிஸ் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேவிஸும் டெஸ்மண்டும் ஊர் நோயாளிகள் கண்காணிப்புக் குழுவின் தொண்டர்கள். சம்பளம் கிடையாது, கழுத்தில் ஓர் அட்டை உண்டு. அந்த அட்டையோடு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போய் உட்கார்ந்து, அங்கே இருப்பவர்களிடம் பேசலாம். கேட்டதை எழுதிக் கொடுத்தால் இல்லம் பதில் சொல்லியாக வேண்டும். யாராவது எதையாவது சொன்னால்தான் எழுத முடியும்.

இந்த முறை வந்தது வில்ஃப் பிக்கரிங்குக்காக. இங்கிலாந்தின் லிங்கன்ஷைர் கரையிலிருந்து மீன்பிடிக் கப்பலில் போய்ப் போய்க் கிழவரானவர். அந்தக் கோடையில் இரண்டு முறை உடம்பில் நீர் வற்றி, பிதற்றிக்கொண்டே ஆம்புலன்ஸில் போனார். இன்னொரு தடவை என்றால் சிறுநீரகம் தாங்காது, ஆள் திரும்பி வரமாட்டார் என்று மருத்துவர் அவர் மகளிடம் சொல்லிவிட்டார். மகள் குழுவுக்குப் போன் செய்தாள்.

இல்லத்திலோ மேசைக்கு மேசை தண்ணீர் ஜாடி. எலுமிச்சைத் துண்டுகூட மிதந்தது.

"தண்ணி குடுக்கறாங்களா, வில்ஃப்?" டெஸ்மண்ட் குரலை உயர்த்திக் கேட்டார்.

"ராஜ உபசாரம்."

"டீ?"

"டீயும்தான். தங்கமான பொண்ணுங்க."

"அப்புறம் ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

"தாகம் இல்ல தம்பி."

தம்பிக்கு எழுபத்தோரு வயது. தாகம் இல்லாதவரின் உதடுகள் மீன் செதில்போல உரிந்து நின்றன.

பக்கத்து நாற்காலி எட்னா தானாகவே சொன்னாள்: "குறை சொல்ற பழக்கம் எங்க வீட்லயே கிடையாது. எங்க வீட்டுக்காரர் சாகறப்பகூட 'பரவால்ல'ன்னுதான் சொன்னாரு."

டெஸ்மண்ட் மேவிஸின் காதருகே குனிந்தார். "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. அதையே எழுதிட்டுக் கிளம்புவோம். வெள்ளிக்கிழமை வேற, ஊரே பொரிச்ச மீன் வாங்கற நாள், கடையில கூட்டம் சேந்துரும்."

மேவிஸ் கூச்ச சுபாவக்காரி. ஒருமுறை முடி வெட்டுகிற பெண் அவள் காதையும் சேர்த்து வெட்டிவிட்டாள். ரத்தம் வழிய வழியக் கண்ணாடியைப் பார்த்து "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி, கூலிக்கு மேல் இனாமும் கொடுத்துவிட்டு வந்தவள். 'நல்லா இருக்கு' என்பதன் மதிப்பு அவளுக்குத் தெரியும். இன்று அதை எழுதிக் கொடுத்தால் வில்ஃபுக்கு அடுத்த ஆம்புலன்ஸ் நிச்சயம் என்பதும் தெரியும்.

மென்று விழுங்கி, மெதுவாகக் கேட்டாள்: "வில்ஃப், நாளைக்குப் புதுசா ஒருத்தர் இங்க வந்து சேர்றார்னு வெச்சுக்குங்க. ஒண்ணும் தெரியாத ஆளு. அவருக்கு என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

வில்ஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். புகார் சொல்வது கேவலம். யோசனை சொல்வது வேறு.

"மொத வேலையா, மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் டீ, தண்ணி எல்லாத்தையும் நிறுத்திரணும்."

"ஏன்?"

"அதுக்கப்புறம்தான் ஷிஃப்டு மாறும். வர்றவங்க, போறவங்க எல்லாரும் ஆபீஸ் கதவச் சாத்திக்கிட்டு விவரம் பேசுவாங்க. மணி அடிச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க. தானா எந்திரிச்சு பாத்ரூம் போக முடியாதவன் என்ன பண்ணுவான்?"

"டீ வந்தா வேணாம்னு மட்டும் சொல்லிரக் கூடாது," என்றாள் எட்னா. "அந்தப் புள்ளைங்க மனசு வருத்தப்படும். வாங்கிட்டு, தொட்டியில ஊத்திரணும்."

ஜன்னலோரம் தொட்டிச் செடிகள் காடாக வளர்ந்திருந்தன.

"அந்தக் கோடித் தொட்டி என்னுது," எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "புதுசா வர்றவர வேற தொட்டி பாத்துக்கச் சொல்லு."

வில்ஃப் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாட்டி நனைச்சுட்டேன். துடைச்ச பொண்ணுக்கு என் பேத்தி வயசு. மூஞ்சியே சுளிக்கல. அதுலருந்து மத்தியானத்துக்கு மேல சொட்டுத் தண்ணி தொடறதில்ல." பிறகு அவசரமாக, "குறையாச் சொல்லல, கண்ணு" என்றார்.

டெஸ்மண்ட் அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

மேலாளர் கரோல் ஸ்டப்ஸ் கெட்டவள் அல்ல. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். "ஏதாவது குறை உண்டான்னு தினம் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கறேனே! ஒருத்தர்கூட வாயத் திறக்கலையே!"

"எங்ககிட்டயும் திறக்கல," என்றாள் மேவிஸ்.

கரோல் செடிகளைப் பார்த்தாள். "என் கை ராசின்னு நெனச்சிட்டிருந்தேன்."

குழுவின் அறிக்கை போனது, இல்லத்தின் பதில் வந்தது. இனி ஷிஃப்டு மாறும்போது பாதிப் பேர்தான் அறைக்குள் போவார்கள். மற்றவர்கள் கூடத்தில் நிற்பார்கள். மணி அடித்தால் உடனே ஆள் வரும். காகிதத்தில் இப்படித்தான் இருந்தது. நடக்கிறதா என்று பார்க்க, இலை உதிரும் காலத்தில் மேவிஸ் மறுபடி போனாள். சரியாக ஷிஃப்டு மாறும் நேரம்.

வில்ஃபின் கையில் டீ இருந்தது. அவர் குடிக்கவில்லை. மடியிலிருந்த அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தினார்.

ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். "என்ன வேணும், வில்ஃப்?"

"ஒண்ணுமில்ல. வர்றியான்னு பாத்தேன்."

அவள் போனாள். வில்ஃப் ஒரு வாய் குடித்தார். யோசித்தார். மறுபடி அழுத்தினார்.

அவள் மறுபடி வந்தாள். "கப்பல்லயும் இப்படித்தான் எல்லாரையும் படுத்துனீங்களா?"

"அங்க மணி இல்ல. கத்துவேன்."

அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். வில்ஃப் இன்னும் கொஞ்சம் குடித்துவிட்டு அவள் முதுகையே பார்த்திருந்தார். அவள் வாசலைத் தாண்டியதும் அழுத்தினார். அவள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையை நீட்டினார்.

"சரி," என்றார். "இப்ப நிஜமாவே கூட்டிட்டுப் போ."