ட்ரைபாட் காலில் ஒரு தும்பி

ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த அந்தக் குட்டையை ஒருத்தரும் குளமென்று மதித்ததில்லை. கோரை முளைத்த சேற்றுத் தண்ணீர், அவ்வளவுதான். எக்ஸ்ரே அக்கா மட்டும் நாற்பது நாளாக விடியும் முன்பே அங்கே போய் நின்றுகொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தண்ணீருக்குள் கிடக்கும் புழு கோரையில் ஏறி, முதுகு வெடித்துத் தும்பியாக வெளியே வரும். வந்து வெகுநேரம் சிறகை மூடியே வைத்திருக்கும். பிறகு சட்டென்று விரிக்கும். அந்த நொடிதான் வேண்டும்.

மூன்று தடவை கண்ணெதிரே நடந்தது. மூன்று தடவையும் கோட்டை விட்டாள். எல்லாம் தொழில் புத்தி. எக்ஸ்ரே அறையில் பட்டனை அமுக்கிய கையோடு திரையைப் பார்த்தாக வேண்டும். எலும்பு சரியாக விழுந்ததா, நோயாளி அசைந்துவிட்டாரா என்று. இங்கேயும் ஒரு படம் எடுத்ததும் கேமராவின் திரையில் குனிந்துவிடுவாள். நிமிர்ந்தால் தும்பி சிறகை விரித்துப் பறந்தே போயிருக்கும்.

“ஊர்ல தும்பிக்குப் பிரசவம் பார்க்கிற ஒரே ஆளு நீதாம்மா” என்று புருஷன் சிரித்தார். “நெட்ல ஆயிரம் படம் கிடக்கு. அதைப் பார்த்துட்டுப் பேசாம தூங்கேன்.”

“நல்லா கேலி பண்ணுங்க. எடுத்துட்டுத்தான் எனக்கு மறுவேலை” என்று சொல்லிவிட்டு, புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியைக் கிழித்துக் கேமராத் திரை மேல் ஒட்டினாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும் அந்த உத்தரவு! கார் நிறுத்த இடம் போதவில்லையாம், குட்டையை மூடப் போகிறார்களாம். நாற்பதாம் நாள் சாயங்காலமே கோரை முழுவதையும் அடியோடு அறுத்துவிட்டார்கள். மறுநாள் ஏழு மணிக்கு மண் லாரி. இருந்தாலும் மறுநாள் விடியலில் அங்கேதான் நின்றாள்.

கேமரா மாட்டிய மூன்றுகால் ட்ரைபாடின் இரண்டு காலைக் கரையிலும் ஒரு காலைத் தண்ணீரிலும் ஊன்றி, தப்பிப் பிழைத்த ஒற்றைக் கோரையைக் குறிபார்த்துக் காத்திருந்தாள். அதில் ஒன்றும் ஏறவில்லை. வெளிச்சம் வந்த பிறகுதான் கீழே பார்த்தாள். ட்ரைபாடின் ஈரக்காலில் ஒரு புழு ஏறிக்கொண்டிருந்தது. ஏறாமல் என்ன செய்யும்? குட்டையில் உயரமாக நின்றது அந்தக் கால்தானே.

முதுகு வெடித்து வெளுத்த உடம்பு பாதி வெளியே வந்தது. கேமரா மேலே வேறு பக்கம் பார்த்து நின்றது; கழற்றினால்தான் எடுக்க முடியும். மெல்லத் திருகைத் தொட்டாள். ட்ரைபாட் அதிர்ந்தது, அந்த உடம்பு ஊசலாடியது. பதறிப்போய்க் கையை எடுத்தாள். தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. நாற்பத்தோரு நாள் நின்றதெல்லாம் இதற்குத்தானா என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தாள். போகட்டும், பார்க்கவாவது செய்யலாம்.

அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். கசங்கிய ஈரக் கைக்குட்டை மாதிரி இருந்த சிறகு கொஞ்சங்கொஞ்சமாக நீண்டது. வால்நுனியில் துளி துளியாக நீர் சொட்டியது. நாற்பது நாளும் இதெல்லாம் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

லாரி வந்து உறுமியது. டிரைவர் தலையை நீட்டினார். “ஏம்மா, நகரும்மா! இன்னும் எட்டு நடை அடிக்கணும்.”

“அரை மணி நேரம் பொறுங்கண்ணே.”

“எதுக்கு?”

“இறங்கி வந்து பாருங்க. மெதுவா நடந்து வாங்க.”

வந்து பார்த்தார். “இந்தப் பூச்சிக்கா?”

“ஆமா, இந்தப் பூச்சிக்குத்தான். அவசரம்னா என் மேல கொட்டிட்டுப் போங்க.”

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். சற்றுப் பொறுத்துப் போனை எடுத்தார். “நான் எடுத்துத் தரட்டுமா?”

“வேண்டாம்ணே. ஒரு நொடிதான். திரையைப் பார்த்தா போயிடும்.”

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சிறகு விரிந்தது. நான்கும் ஒரேயடியாக.

“அடேயப்பா!” என்றார் டிரைவர். தும்பி எழும்பிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை.

டிரைவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள இன்னும் இருக்காம்மா?”

“நிறைய இருக்கு.”

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ட்ரைபாடைப் பிடுங்கிக் கரையில் சாய்த்தாள்; செருப்பைக் கழற்றிவிட்டுப் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள்.

“லாரியில வாளி இருக்காண்ணே?” என்று கேட்டுக்கொண்டே குட்டைக்குள் இறங்கினாள்.