அறை இருமிய வருடம்

தத்து கேட்டு விண்ணப்பம் அனுப்பிய பதினான்காம் மாதம், லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை இருமத் தொடங்கியது. உள்ளே ஒரு கட்டிலும், புதிதாகப் பெயின்ட் அடித்த அலமாரியும் தவிர ஒன்றுமில்லை. இருமல் கட்டிலின் ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. காலையில் நாலைந்து தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சற்று அதிகம். மெக்கானிக் தண்ணீர்க் குழாயையும் ஜன்னல் கீல்களையும் கழற்றிப் பார்த்து, பழுதில்லை என்று திரும்ப மாட்டினான். அவன் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பதினாறு வருடமாக நெஞ்சுகளோடு பழகியவள். ஒரு வாரம் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "பொண்ணு. ஆறு வயசு இருக்கும். வலது நுரையீரல், கீழ்ப்பக்கம்," என்றாள்.

கடலுக்கு அப்பால் இருந்த ஒரு நாட்டிலிருந்து குழந்தை வர வேண்டியிருந்தது. கைரேகை, ரத்தப் பரிசோதனை, கல்யாணப் போட்டோ, இருவரும் எதற்கெல்லாம் சண்டை போடுவார்கள் என்பதற்குத் தனியாக நாலு பக்கம், எல்லாம் கொடுத்தாகிவிட்டது. தத்து அலுவலகத்திலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை 'பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் வரும். கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் படியேறி வந்து, பிள்ளையை டாக்டரிடம் காட்டக் கூடாதா என்று கோபித்துக்கொண்டு போனாள். மெக்கானிக்கின் அண்ணன், "புள்ள வரல, அதுக்குள்ள சளி வந்துருச்சா?" என்று சிரித்தார். அப்போது அறை இருமியது. அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார், பிறகு வரவில்லை. எக்ஸ்ரேக்காரி மத்தியானங்களில் அரை நாள் லீவு போட்டு வந்து, கட்டிலருகே வெந்நீர்ப் பாத்திரத்தைத் திறந்து வைத்து, ஜன்னல் பக்கத்து வெற்று மெத்தையை உள்ளங்கை குவித்து மெல்லத் தட்டுவாள். சில நாள் சளி இளகும். வலது நுரையீரலைப் படம் எடுத்துப் பாருங்கள் என்று அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதினாள். உங்களுக்கு இன்னும் எந்தக் குழந்தையும் ஒதுக்கப்படவில்லை என்று பதினொரு பதில் வந்தது. வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி, பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'காற்றோட்டம் போதுமானது' என்பதற்குக் கீழே 'அறை இருமுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு இருமல் நின்றது. மெக்கானிக் அன்று வீட்டில் இருந்தான். பன்னிரண்டு வரை காத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனான். அவனை வாசலில் பார்த்ததும் அவள் கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தாள். துக்க லீவுக்கான படிவத்தில் இறந்தவர் பெயர், உறவுமுறை என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நிரப்பத் தெரியாமல் அவன் மறுநாளே வேலைக்குப் போனான். அந்த வாரம் முழுவதும் டைப்பிஸ்ட் அம்மாள் தட்டச்சு இயந்திரத்தைத் தொடவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கோப்பு வந்தது. நாலு வயதுப் பையன். அவள் போட்டோவுக்கு முன் எக்ஸ்ரேயை எடுத்துச் சமையலறை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள். "அப்ப இது அவ இல்ல."

"இல்லதான்."

"ஒருத்திக்குப் பதிலா இன்னொருத்தனா? என்னால முடியாதுங்க."

"பதிலுக்கு யாரு கேட்டா? அவனும் அங்க காத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்கான்," என்றான் மெக்கானிக்.

கோப்பு பதினோரு நாள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அவள் அழுத்திப் போட்ட கையெழுத்து அடுத்த இரண்டு தாள்களிலும் பதிந்தது.

அந்த நாட்டுக் காப்பகத்தில் கட்டில்கள் இரண்டிரண்டாக ஒட்டிப் போட்டிருந்தார்கள். பையனின் கட்டிலை ஒட்டிய கட்டில் காலியாக இருந்தது. சமையல்காரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ஆறு வயதுப் பெண், நெஞ்சுச் சளி, படம் எடுக்கும் வண்டி மாதத்துக்கு ஒரு தடவைதான் வரும். அவள் கோப்பு இவர்கள் பெயருக்குத் தயாராகி, ஒரு கையெழுத்துக்காக நின்றிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போய்விட்டாள். மெக்கானிக் இரு ஊர் நேரத்தையும் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான்.

சமையல்காரி இன்னும் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று எக்ஸ்ரேக்காரி கேட்டாள்.

"சில நாள் மருந்து இல்லாமலே அந்தப் பொண்ணுக்குச் சளி இளகிடுமாம். யாரோ முதுகைத் தட்டிக் குடுக்கறாங்கன்னு சொல்லுவாளாம். பக்கத்துல யாருமே இருக்க மாட்டாங்களாம்."

பையன் வீட்டுக்கு வந்த முதல் நாளே கட்டிலில் சுவரோரமாக ஒட்டிப் படுத்து, ஜன்னல் பக்கத்தை விட்டுவைத்தான். மூன்றாம் வாரம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அறை மறுபடி இருமியது. வறண்ட, சின்ன இருமல். எக்ஸ்ரேக்காரியின் கை சோற்றிலேயே நின்றது. பையன் இறங்கிப் போய் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிட்டான். அவனுக்குப் பேச்சு பழகியதும், அது அக்கா என்று தெரிவித்தான். அதற்குப் பிறகு வீட்டில் எதுவும் நாலாகத்தான் வாங்கினார்கள். பையன் பள்ளிக்கூடம் சேர்ந்தான், பற்கள் விழுந்து முளைத்தன, டைப்பிஸ்ட் அம்மாள் ஓய்வு பெற்றாள். அக்கா மழைக்காலத்தில் மட்டும் இருமினாள். அம்மா போய்த் தட்டிக் கொடுப்பாள்.

பதினொரு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் அப்பாவிடம் வந்து, "ஒரே கட்டில்ல இடம் பத்தலப்பா. அக்கா வளந்துட்டா, அவளுக்குத் தனியா வேணுமாம்," என்றான்.

மெக்கானிக் இரும்புக் குழாய்களைக் கூடத்தில் பரப்பி, அளவுநாடாவை எடுத்தான். "எவ்வளவு நீளம் போடட்டும்னு கேளு."

பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். "அஞ்சடி போதுமாம்."

மெக்கானிக் ஐந்தடியில் சாக்பீஸால் கோடு போட்டான். பிறகு, வளர்கிற பெண் என்பதால், முக்கால் அடி தள்ளி இன்னொரு கோடு போட்டு அங்கே அறுத்தான்.