பசு தின்ற தாவணி

விஜயலக்ஷ்மி மூன்றாவது வாளித் தண்ணீரைக் கூடத்தில் கொட்டி, துடைப்பத்தால் வாசல் பக்கம் தள்ளினாள். அக்கா ஜானவியைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் மற்ற ஆண்களும் தைக்காட்டுச் சுடுகாட்டுக்குப் போய் அரைமணிகூட ஆகவில்லை. அக்காவுக்கு முப்பத்தொரு வயது. இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். வங்கி வேலையை விட்டுவிடு என்று எல்லோரும் சொல்லியும், போன மாதம் வரை பஸ் ஏறிப் போய்வந்தவள்.

அம்மா சாவித்ரி குளித்த ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் ஒரு சொல் இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

“அம்மா, ஒரு வாய் தண்ணியாவது குடியேன்.”

அம்மா தம்ளரைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

“அழுதுட்டா தேவலை,” என்று உள்ளேயிருந்து அத்தை சொன்னாள். அதையே காலையிலிருந்து நான்காவது முறையாகச் சொல்கிறாள்.

வாசலில் இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூடம் கழுவியிருப்பதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்கள்.

“கொண்டு போயாச்சோ?” என்று ஒருத்தி கேட்டாள். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை. “நாங்க ஜானவிகூட பத்தாங்கிளாஸ் படிச்சவங்க. நான் லீலாபாய். இது ஓமனா. பாறசாலையில இருந்து வாறேன், பஸ்சு நேரத்துக்குக் கிட்டல.”

“உள்ள வாங்கோ,” என்றாள் விஜயலக்ஷ்மி.

இருவரும் அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். தெருவில் ஓர் ஆட்டோ போனது. லீலாபாய் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அம்மா, உங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும். அவ இருக்கிறப்போ சொல்ல விடல.”

அம்மா கண்ணை நிமிர்த்தினாள்.

“எங்கள பொன்முடிக்கு டூர் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வாறப்போ கல்லாறுல சாயா குடிக்க பஸ்ச நிறுத்தினாங்க. எல்லாரும் ஆத்துல இறங்கி விளையாடுறாங்க. எனக்கு அங்க வச்சுத்தான் முதல்முதலா தீட்டு வந்துது. ஒண்ணும் தெரியாது எனக்கு. பாவாடை முழுக்க ஆயிப்போச்சு. தண்ணியில இடுப்பு வரைக்கும் இறங்கி நின்னுட்டேன். கூட வந்த சார்மார் ரெண்டு பேரும் கரையில நின்னு ஏறு ஏறுன்னு சத்தம் போடுறாங்க. பையன்மார் எல்லாம் பாத்துச் சிரிக்கிறாங்க. நான் ஏறல. ஆத்தோட போயிரலாம்னுதான் அம்மா நினைச்சேன்.”

அவள் மூச்சு வாங்கினாள்.

“ஜானவிதான் உடுத்த துணியோட இறங்கி வந்தா. ஒண்ணும் கேக்கல. தாவணிய உருவி, என் இடுப்புல ரெண்டு சுத்துச் சுத்தி முடிஞ்சா. மாம்பழக் கலர் பட்டு. புதுசு. கையப் பிடிச்சுக் கரையேத்திட்டா.”

விஜயலக்ஷ்மியின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. நவராத்திரிக்குச் சாலைக் கடைத்தெருவில் எடுத்த தாவணி. விஜயலக்ஷ்மிக்கு அப்போது பத்து வயது. அது இல்லாமல் வந்ததற்கு அம்மா கரண்டிக் காம்பால் அக்காவை அடித்ததும், தீபாவளிக்கு அக்காவுக்கு மட்டும் துணி எடுக்காமல் விட்டதும் நினைவிருந்தது. அக்கா அன்று அழவே இல்லை.

“பஸ்சுல ஜாக்கெட்டும் பாவாடையுமாட்டு வந்தாள் அம்மே,” என்றாள் ஓமனா. “பையன்மார் கூவி விளிச்சாங்க. எனக்கு உஷ்ணம், உங்களுக்கென்னன்னு கேட்டா. கிழக்கேகோட்டையில இறங்கி, என் குடைய விரிச்சு முன்னால பிடிச்சிட்டே வீடு வரைக்கும் நடந்தா. மழையே இல்ல.”

“துணியத் துவைச்சு மறுநாள் கொண்டு குடுத்தேன்,” என்றாள் லீலாபாய். “வாங்கல. வீட்டுக்குக் கொண்டுபோனா அம்மா கேப்பா, உன் பேரு வெளிய வரும், நான் வேற என்னமோ சொல்லிட்டேன்னா. என்ன சொன்னான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

“பசு,” என்றாள் அம்மா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குரல் கரகரத்திருந்தது.

“வர வழியில பழவங்காடில ஒரு பசு இழுத்துத் தின்னுடுத்துன்னா எங்கிட்ட. நான் நம்பினேன். மறுநாள் பழவங்காடிக்குப் போய் அங்க மாடு வெச்சிருந்த பால்காரனோட சண்டை போட்டேனே! உன் பசு பட்டுத் தாவணியத் தின்னுடுத்துடான்னு. அவன் பசுவோட வாயத் திறந்து காட்டறான். பாரம்மா, பாரம்மாங்கறான்…”

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகை வந்துவிட்டது என்று நினைத்து விஜயலக்ஷ்மி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. ஓமனாவுக்கும் தொற்றிக்கொண்டது. லீலாபாய் அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பின் நடுவில் எங்கேயோ அம்மாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கத் தொடங்கி, பிறகு நிற்காமல் இறங்கியது.

அத்தை பதறி வந்தாள். “சாவித்ரி! என்னதிது? வாசல்ல ஜனம் வந்துண்டிருக்கு. யாராவது கேட்டா என்ன நினைப்பா?”

“நினைச்சுக்கட்டும்.”

அத்தை அம்மாவின் ஈரத் தலைமுடியை அள்ளி நுனியில் முடிந்துவிட்டு உள்ளே போனாள்.

“நீ இப்ப என்ன பண்றே?” என்று அம்மா லீலாபாயைக் கேட்டாள்.

“ஹைஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். பிள்ளைகளை டூர் கூட்டிட்டுப் போறப்போ ரெண்டு பாவாடை கூடுதலா எடுத்து வச்சுக்கிடுவேன். கேக்குறவங்ககிட்ட ஜானவி பேரைச் சொல்லுவேன்.”

அம்மா கை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

“என்னடிம்மா, வேற என்னெல்லாம் பொய் சொல்லியிருக்கா எங்கிட்ட?”

லீலாபாயும் ஓமனாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நெறைய உண்டு அம்மே,” என்றாள் ஓமனா.

“இருங்கோ. விஜி, நீயும் வந்து உக்காரு. அடுத்தாத்துலேந்து காப்பி வந்திருக்கே, அதை எடுத்துண்டு வா.”

விஜயலக்ஷ்மி பிளாஸ்க்கை எடுத்து வந்து நான்கு தம்ளரில் ஊற்றினாள். ஓமனா குரலைத் தாழ்த்தி, “ஒன்பதாங்கிளாஸ் கணக்குப் பரீட்சை அன்னிக்கு…” என்று ஆரம்பித்தாள். அம்மா தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சூடு ஆற மெல்ல ஊதினாள்.